என் கைதான் இழுக்கிறதாம்

என் கைதான் இழுக்கிறதாம். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கை! அந்தப் பட்டறை சூப்பர்வைசர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"வண்டி நல்லாதான் இருக்கு மேடம். இப்பதானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். சில பேருக்குக் கை தானா இடது பக்கம் இழுக்கும். அவங்களுக்கே தெரியாது."

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அன்றைக்கு நான் கத்தியதை அவர் கேட்டிருந்தால், இத்தனை நாள் நான் பொறுமையாகத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று புரிந்துகொண்டிருப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன் மருந்துக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தேன். வளைவில் வேகமாகத் திரும்பிய வேன் ஒன்று நேரே வந்து இடது முன்சக்கரத்தில் மோதியது. வேன்காரர் தப்பை ஒப்புக்கொண்டார், இன்ஷூரன்ஸ்காரர்கள் இந்தப் பட்டறையைக் காட்டினார்கள். மூன்று வாரம் கழித்துக் கார் புதுப் பெயிண்டில் பளபளவென்று வந்தது. கூடவே ஒரு காகிதம். சக்கரங்களின் கோணம் பார்க்கும் மெஷினிலிருந்து வந்தது. நடுவில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம். "எல்லாம் பச்சை மேடம், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார் இதே மனிதர். நானும் பெரிய பட்டம் வாங்கியதுபோல அதை டாஷ்போர்டுக்குள் பத்திரப்படுத்தினேன். ஒரு வரி படிக்கவில்லை.

அந்தக் காரில்தான் திரைச்சீலைக் கடைப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தேன். முப்பத்தெட்டு வயது. பத்து வருஷமாகக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து சீலை மாட்டிக்கொடுக்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் அந்த வேலை அவளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். பின்னறையிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பாடம் முழுக்க நான் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். "ஏம்மா, இடது பக்கம் யாராவது உன்னக் கூப்பிடுறாங்களா? கைய நேரா வெச்சுக்கோ!" அவள் பயந்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பாள். நான் பக்கத்து இருக்கையிலிருந்து வலது கையை நீட்டி, இரண்டு விரலால் லேசாகத் தள்ளிவிடுவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எங்கள் பக்கம் காலுக்குத் தனியாக ஒரு பிரேக் இருப்பதுபோல, கைக்கு மாணவரின் ஸ்டீயரிங். நாளடைவில் கை நீள்வதே நமக்குத் தெரியாது.

டெஸ்டில் அந்த இருக்கையில் அதிகாரி உட்கார்ந்தார். அவர் ஏன் விரல் நீட்டப்போகிறார்? நேரான சாலையில் கார் மெல்ல மெல்ல ஒதுங்கி, இடது டயர் நடைபாதை ஓரத்தில் ஏறி இறங்கியது. "ஸ்டீயரிங் கட்டுப்பாடு இல்லை" என்று எழுதிவிட்டார். இது இரண்டாவது தோல்வி. முதல் தடவை பார்க்கிங்கில் போனது, அது நியாயம். மூன்றாவதும் போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வேலையும் அதோடு போய்விடும்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். "விடு, உனக்கு இது வரலன்னா என்ன" என்று ஆறுதல் என்ற பெயரில் எதையோ உளறினேன். பின்சீட்டிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க ஒரு கணம் ஸ்டீயரிங்கை விட்டேன். கார் தானாக இடது பக்கம் போனது. மறுபடி விட்டேன். மறுபடியும் போனது. சாலை மட்டமாகத்தான் இருந்தது, காற்றும் இல்லை. இத்தனை வாரமும் என் பழகிய கை என்னைக் கேட்காமலே காரை நேராக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அப்படியே வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினேன். அங்கேதான் இந்தக் கைக் கதை.

"காகிதத்தப் பாருங்க மேடம், பச்சை" என்று மறுபடி ஆரம்பித்தார் சூப்பர்வைசர். என் காதில் பூ சுற்றப் பார்க்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் காருக்குப் பக்கத்தில் சர்ரென்று ஒரு சத்தம். திரைச்சீலைக் கடைப் பெண் பையிலிருந்து இரும்பு டேப்பை இழுத்துவிட்டிருந்தாள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை வலது பக்கம் அளந்தாள். சுற்றி வந்து இடது பக்கமும் அளந்தாள். பிறகு, நம்பிக்கை வராததுபோல, இரண்டையும் இன்னொரு தடவை.

"இடது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் கம்மியா இருக்கு" என்றாள். "நாங்க எந்த ஜன்னலையும் ரெண்டு பக்கமும் அளப்போம். ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டுத் தெச்சா சீலை கோணலாத்தான் தொங்கும்."

"அதெல்லாம் புது வண்டியிலயே கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா" என்று சப்பைக்கட்டு கட்டினார் அவர்.

இதற்குள் எனக்கும் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. காருக்குள் உட்கார்ந்து, சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கடைசி வரை சுற்றினேன். ஒன்றே முக்கால் சுற்று. நேருக்குக் கொண்டுவந்து இடது பக்கம் சுற்றினேன். ஒன்றே கால். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பது நான் முதல் நாள் பாடத்தில் சொல்லிக்கொடுப்பது.

"ஸ்டீயரிங்கக் கழட்டித் திருப்பி மாட்டியிருக்கீங்க" என்றேன். "சக்கரம் நேரா இருக்கும்போது அது கோணலா நின்னிருக்கு. ஏன் கோணலாச்சுன்னு பாக்காம, நேரா நிக்கிற மாதிரி மாட்டிட்டீங்க. உண்மையா இல்லையா?"

சூப்பர்வைசர் காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் சொருகினார். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்ற மெக்கானிக், நரைத்த மீசைக்காரர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். யாரையும் கேட்காமல் காரைத் தூக்கினார். விளக்கைப் பிடித்து எங்களைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கக்கா. சக்கரத்தத் தாங்குற ஆர்ம் இது. மோதினதுல பின்னாடி வளைஞ்சிருக்கு. மாத்தணும்னு நான் அன்னைக்கே சொன்னேன். புதுசு வர நாளாகும், டெலிவரி தள்ளிப்போகும்னுட்டாரு."

வளைந்த இரும்புக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். புதுசு மாதிரி மினுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டாஷ்போர்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து இப்போதுதான் படித்தேன். மூன்று கட்டம். ஒன்றில்தான் பச்சை. மற்ற இரண்டில் வெறும் கோடு.

"கோடுன்னா என்ன?" என்றேன்.

"அளக்கலைன்னு அர்த்தம்" என்றார் மெக்கானிக்.

"இந்த வண்டியில ஓட்டத் தெரியாதவங்க உக்காந்து கத்துக்கிறாங்கய்யா!" என்று கத்தினேன். பட்டறை முழுக்க வேலை நின்றது. "பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டு, கேக்க வந்தா என் கையக் குத்தம் சொல்றீங்களா? எத்தனை வருஷமா ஓட்டுறேன், என்கிட்டயே கைய நேரா வெச்சுக்கச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் தலை குனிந்தது. ஆர்மை மாற்றி, மூன்று கட்டத்தையும் அளந்து தருவதாகச் சொன்னார். ஜெயித்துவிட்ட திமிரோடு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவள் டேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு உங்ககிட்ட ஒரு தடவைதான் சொன்னாரு டீச்சர். நீங்க என்கிட்ட ஒரு மாசமா அதத்தான் சொன்னீங்க."

அவ்வளவு நேரம் யார்மேலோ கொதித்த கோபம் முழுக்க என்மேல் திரும்பியது. அவமானமாக இருந்தது. "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். அது மன்னித்ததாகத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டதாகத்தான் தெரிந்தது.

மறுநாள் டெஸ்ட் அலுவலகத்துக்குப் போனேன். கார் பழுதாக இருந்தது, ஆசிரியையான நான் கவனிக்கவில்லை, மாணவியின் மேல் தவறில்லை, அந்தத் தோல்வியை நீக்க வேண்டும் என்று எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, "இத ஏத்துக்கிட்டா உங்க ஸ்கூல் பேர்ல ஒரு ரிமார்க் விழும், பரவாயில்லையா?" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் என் ஏட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கார் வந்தது. முதலில் அவள் டேப்பால் அளந்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டெஸ்ட். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கார் நேர்க்கோட்டில் போய், திரும்பி, நேர்க்கோட்டில் வந்தது. பாஸ்.

வீட்டுக்கு அவளே ஓட்டி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கண் சாலையில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் நிதானமாகச் சொன்னாள்.

"டீச்சர், கைய எடுங்க."

பார்த்தேன். என் இரண்டு விரல் ஸ்டீயரிங்கின் மேல் இருந்தது. கார் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை உண்மையிலேயே என் கைதான்.