டெர்மினல் சொன்ன பெயர்

தேவேந்திரனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து விஜயகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தீவுத் துறைமுகமான ஃபீனிக்ஸ் பேயில் இருந்த கப்பல் டிக்கெட் ஏஜென்சியில் முதல் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அவள் புருஷன் தேவேந்திரன். சம்பளம் வாங்கியது அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் போட்டதெல்லாம் அவள்.

ஹட் பேயில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவரின் மகள் அவள், டைப்ரைட்டிங் படித்தவள். அதற்காகத்தான் பெண் கேட்டு வந்தார்களோ என்று பின்னாளில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்த தேவேந்திரன், கம்ப்யூட்டர் திரையின் பச்சை எழுத்தைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்றார். மதியச் சாப்பாடு கொண்டுபோன விஜயகுமாரி, அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை உட்கார்ந்தாள். அந்த டீயை அவர் வேலை முடியும் காலம்வரை குடித்துக்கொண்டே இருந்தார். வேலை ஒழுங்காக நடந்ததால் முதலாளியும் கண்டுகொள்ளவில்லை.

அவள் உட்கார்ந்த டெர்மினல் என்பது வெறும் திரையும் கீபோர்டும்தான், சொந்த மூளை கிடையாது. இருபத்துநான்கு வரி, வரிக்கு எண்பது எழுத்து. திரை நிறைந்தால் மேல் வரி மறைந்துபோகும். கணக்கெல்லாம் அடுத்த அறையிலிருந்த பெரிய மெஷின் பார்த்துக்கொள்ளும். கரண்டை நிறுத்தினாலும் டெர்மினல் மறக்காதது ஒன்று உண்டு. பெரிய மெஷின் கம்பி வழியாக ‘யார் அங்கே?’ என்று கேட்டால், தனக்குள் பதிந்து வைத்திருக்கும் பெயரை அதுவே அனுப்பிவிடும். அந்தப் பதில் திரையில் வராது.

ஆரம்பத்தில் ஒரு நாள், உழைப்பு எனக்கு, பெயர் உங்களுக்கா என்று கேட்டு விஜயகுமாரி அழுதிருக்கிறாள். அன்றைக்குத் தேவேந்திரன் பேச்சில் தேன் ஒழுகியது.

“அந்தப் பதில்ல உன் பேரத்தான் போட்டு வச்சிருக்கேன், குமாரி. மனுஷனுக்குத் தெரியாட்டி என்ன, மெஷினுக்குத் தெரியும்ல?”

அந்த ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு கண் எரிய எரிய வேலை பார்த்தாள். டெர்மினலைக் கம்பியிலிருந்து பிரித்துப் பட்டனைத் தட்டினால் பதில் அதன் திரையிலேயே வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தட்டிப் பார்க்கவில்லை. கட்டினவன் பேச்சைச் சோதிப்பார்களா என்ன?

இன்று ஏஜென்சியின் ஆண்டு விழா. பழைய டெர்மினலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். முதலாளியின் மகன் சந்திரசேகர் ஓடியாடிக்கொண்டிருந்தான். அவன் பேச்சில் இந்தி கலந்து வரும், அண்ணியைப் பாபி என்பான்.

“பாபி, தோடா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சார் மட்டும் போட்டோல வரட்டும்.”

தள்ளி நின்றாள். வேலை பார்த்தது தன் மனைவிதான் என்று அவர் மைக்கில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று காத்திருந்தாள். தேவேந்திரன் பெரிய முதலாளிக்கு நன்றி சொன்னார், துறைமுகத்துக்கு நன்றி சொன்னார், கடைசியாக, நேரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த மனைவிக்கும் நன்றி சொன்னார். கூட்டம் கை தட்டியது.

டெர்மினலை ஓடவிட்டார்கள். பீப் என்றது. வருஷக்கணக்கில் ஒரே எழுத்துகள் நின்று எரிந்த தடம் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. எந்தப் பட்டனைத் தொடுவது என்று தெரியாமல் தேவேந்திரன் முழித்தார். வாயால் சொல்லாததை மெஷின் சொல்லட்டும் என்று விஜயகுமாரி முன்னால் வந்தாள். பெரிய மெஷின் எப்போதோ காயலாங்கடைக்குப் போய்விட்டது. பிரிக்கக் கம்பிகூட இல்லை.

“யாருன்னு கேட்டா இது பேர் சொல்லும், பாருங்க” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டினாள்.

பச்சையாக ஆங்கிலத்தில் எழுத்துகள் வந்தன. தேவேந்திரன்.

மறுபடியும் கை தட்டினார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒன்றுமில்லாத பேச்சை வைத்து இத்தனை காலம் ஏமாற்றிவிட்டானே என்று நினைத்தாள்.

பழையபடி ஒரு டிக்கெட்டைத் திரையில் அடித்துக் காட்டச் சொன்னான் சந்திரசேகர். தேவேந்திரன் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார். விஜயகுமாரி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“அவரையே அடிக்கச் சொல்லுங்க, தம்பி. மெஷின்ல அவரு பேருதான இருக்கு.”

வெளியே வந்து, புருஷன் உட்கார்ந்தே பழகிய எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். ஹாலிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.