ஜனவரித் தண்ணீரில் போட்ட தீனி

நெவில் தூண்டில் கோல்களை எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் மனைவி டோரீன் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"செவ்வாய்க்கிழமை ஊர் கவுன்சில்ல இருந்து முதியோரைக் கவனிக்கற அந்தம்மா வர்றாங்க, பேரி. அந்த முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்காம். வேணுமா வேண்டாமான்னு அன்னிக்கே சொல்லியாகணும். வீட்டுக்குள்ள எல்லாம் ஞாபகம் இருக்கற மாதிரி இவர் எனக்காக நடிக்கிறார். நான் ஏமாந்துடறேன். இன்னிக்குப் பூரா நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. பாத்ததைப் பாத்தபடி வந்து சொல்லுங்க."

பேரி சரி என்றான். அவன் மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. நெவிலைச் சோதிக்க ஏரிக்கரையைவிடத் தோதான இடம் இருக்கிறதா என்ன? லாரி ஓட்டிய காலத்திலிருந்து இரண்டு பேரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீரில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்பது நெவிலுக்கு மறக்கலாம். பேரன் பேர் மறக்கலாம். ஸ்கெல்பி ஏரி மறக்காது. சாயங்காலம் நல்ல செய்தியோடு திரும்பலாம் என்றுதான் பேரி வண்டியைக் கிளப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விட்டபாடில்லை. தூறல் என்றும் சொல்ல முடியாது, மழை என்றும் சொல்ல முடியாது. யார்க்‌ஷயரில் ஜனவரி முழுக்கப் பெய்வது. வயல்களில் சேறு, பாதையில் சேறு. அக்கரை மரங்கள் பாதிதான் தெரிந்தன. மீன்பிடிப்பவர்களுக்காக ஏரிக்குள் நீட்டிக் கட்டியிருந்த பலகை மேடைகளில் வேறு யாரும் இல்லை. பக்கத்துப் பக்கத்து மேடைகளில் இரண்டு பேரும் பெட்டிகளை இறக்கிப் பச்சைக் குடைகளை விரித்தார்கள்.

பேரி தன் வேலையைச் செய்வதுபோல நெவிலின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிர்காலத்துத் தூண்டிலைக் கட்டுவது லேசான காரியம் இல்லை. கோடையில் மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடும், தக்கை முங்கும், குருடனுக்கும் தெரியும். ஜனவரியில் அது ஓடாது. இருந்த இடத்தில் இருந்தபடி இரையை வாயில் வைத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். அந்த ஒரு நொடியைக் கரையிலிருப்பவன் பார்க்க வேண்டும். அதற்காகத் தூண்டில் நரம்பில் கடுகளவு ஈயக்குண்டுகளைக் கோத்து, தக்கையின் நுனி ஒரு நெல் அளவு மட்டும் வெளியே நிற்கும்படி எடை கட்டுவார்கள். கடைசிக் குண்டு முள்ளுக்குச் சற்று மேலே தொங்கும். மீன் இரையைத் தூக்கினால் அந்தக் குண்டும் கூடவே எழும்பும். அந்த எடை குறைந்ததால் தக்கை முங்குவதற்குப் பதில் மேலே வரும். வந்ததும் கோலைச் சுண்ட வேண்டும்.

நெவிலின் விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. ஆனாலும் முள்ளை முடிந்தான், நரம்பைப் பல்லால் நறுக்கினான், குண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினான். தக்கை நெல் அளவுக்கு நின்றது.

"என்னடா முறைச்சுப் பாக்கற? உன் தக்கையப் பாரு, கல்லறைல நட்ட கல்லு மாதிரி நிக்குது. மீன் மாலை போட்டுட்டுப் போகும்."

"நீ மூடு, கிழட்டு..." என்று ஆரம்பித்த பேரி, வழக்கமாக வரும் அடுத்த சொல்லை விழுங்கினான். "கிழவா" என்று முடித்தான்.

மீனை வரவழைக்கத் தண்ணீரில் எறியும் தீனியாக, வாளி நிறைய ரொட்டித்தூள் நனைத்துப் பிசைந்து வைத்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு வாளி. குளிர்காலத்தில் அவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் பிசையும்போது கை தாராளமாகத்தான் இருக்கும்; மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோவார்கள். கட்டுப்பாடெல்லாம் கரையில்தான். எந்தப் பொருளும் குளிரக் குளிரக் கனக்கும். தண்ணீர் மட்டும் நான்கு டிகிரி வரை கனத்துவிட்டு, அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிவிடும். அதனால் ஏரியின் மேல்தண்ணீர் உறையப் பார்க்கும்போதுகூட அடியில் ஒரு மெத்தை அளவுக்கு அந்த நான்கு டிகிரித் தண்ணீர் கிடக்கும். மீனெல்லாம் அதற்குள் அசையாமல் நிற்கும். தண்ணீருக்கு இருக்கும் சூடுதான் மீன் உடம்புக்கும். ஒரு புழுவைத் தின்றால் அது செரிக்கவே நாளாகும். எனவே எலுமிச்சை அளவில் ஒரே ஓர் உருண்டை போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பசியைக் கிளறலாம், வயிற்றை நிரப்பக் கூடாது. அதிகமாகப் போட்டால் முள்ளிலிருக்கும் புழுவை எந்த மீனும் சீண்டாது. போட்டதை யாரும் திரும்ப எடுக்கவும் முடியாது. மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே இது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நெவில் ஓர் உருண்டையை எறிந்தான். தக்கையை ஒட்டி விழுந்தது. சற்று நேரத்தில் தக்கை எழும்பியது, நெவில் சுண்டினான், உள்ளங்கை நீளத்தில் வெள்ளி உடம்பும் சிவந்த துடுப்புமாக ஒரு ரோச் மீன் வந்தது. பிடித்ததைத் திரும்ப விடுவதுதான் அங்கே வழக்கம்; முள்ளைக் கழற்றிக் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே பிடித்திருந்து, போக விட்டான்.

"பாத்தியா?"

"பாத்தேன்டா," என்றான் பேரி. மழையில் அவன் முகம் நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று. போதும், டோரீனிடம் சொல்ல இது போதும் என்று நினைத்தான்.

நெவில் இன்னோர் உருண்டை பிசைந்து எறிந்தான். மீன் வந்த உற்சாகம் என்று பேரி விட்டுவிட்டான். ஒரு வாய் தேநீர் குடித்து நிமிர்வதற்குள் மூன்றாவது போய் விழுந்தது.

"இப்பதானேடா போட்ட?"

"எங்க போட்டேன்? இன்னும் ஒண்ணுகூடப் போடல." நெவிலின் குரலில் எரிச்சல். "உன் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு பேரி சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். நெவில் வாளியைப் பார்ப்பான், அட, தீனி போடவில்லையே என்று முகத்தில் ஒரு நினைவு வரும், உருண்டை பிடிப்பான், எறிவான். ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள் பிசகாமல் விழுந்தது. கை கொஞ்சம் தவறியிருந்தால்கூடத் தீனி சிதறி, முள்ளிலிருக்கும் புழுவும் மீனின் கண்ணில் பட்டிருக்கும். நெவிலின் கை தவறுகிற கை இல்லை.

ஒருமுறை அவன் ஒதுங்கப் போனபோது பேரி வாளியைக் குடைக்குப் பின்னால் நகர்த்தி வைத்தான். திரும்பி வந்த நெவில் மேடையெல்லாம் தேடினான். பெட்டியைத் திறந்து அதற்குள்ளும் பார்த்தான். "என் வாளி எங்கடா, பேரி?" பேரி எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மதியத்துக்கு மேல் தக்கை அசையவில்லை. கொண்டுவந்த பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைக் கடித்துக்கொண்டே நெவில் காரணம் தேடினான். ஆழம் மாறியிருக்குமோ என்று அளந்தான். இன்னும் மெல்லிய நரம்பைக் கட்டினான். இரண்டு புழுவுக்குப் பதில் ஒன்று குத்தினான். மழைத்தண்ணீர் இறங்கி அடியைக் குளிர வைத்திருக்கும் என்றான். எல்லாம் சரியான யோசனை. ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

பிறகு கையை வாளிக்குள் விட்டான். விரல் அடித்தகட்டைத் தட்டியது.

"பேரி, இதுல காலைல நிறைய இருந்துச்சா?"

"காத்துல சாஞ்சு கொட்டிருச்சுடா."

நெவில் குனிந்து மேடைப் பலகைகளைப் பார்த்தான். ஒரு துகள் இல்லை. தக்கையைப் பார்த்தான். தக்கைக்கு வலப்பக்கம் அடியில் குவிந்த தீனியிலிருந்து குமிழிகள் மெல்ல வந்துகொண்டிருந்தன. யாரோ புதியவன் கெடுத்துவிட்டுப் போன இடத்தைப் பார்ப்பதுபோல நீண்ட நேரம் பார்த்தான்.

"அத்தனையும் உள்ள போட்டிருக்கேன்," என்றான். "ஜனவரியில."

பேரி தன் தூண்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்தான்.

"நீ சொல்லலியா?" என்றான் நெவில்.

"ஒரு தடவ சொன்னேன். கோச்சுக்கிட்ட."

"டோரீன் பாத்துட்டு வரச் சொன்னாளா?"

"ம்."

"அப்ப பாத்ததச் சொல்லிடு. கேஸ் அடுப்பு இருக்கு வீட்டுல, மூடினேனான்னு எனக்கு நினைவிருக்காது. அவ தூங்கற நேரம்லாம் இருக்கு." நரம்பைச் சுருட்ட ஆரம்பித்தான். "அப்புறம் நானே சொல்லாதன்னு கெஞ்சுவேன், தெரியும். அதக் கேக்காத. இப்ப சொல்றேன் பாரு, இதக் கேளு."

"சரிடா."

"கிழட்டு லூசுன்னு காலைல சொல்ல வந்த, சொல்லல. என்னப் பாக்கத்தான் வந்திருக்கன்னு அப்பவே எனக்குத் தோணுச்சு."

மிச்ச வெளிச்சம் போகும்வரை அந்தச் செத்த தண்ணீரைப் பார்த்தபடி, தூண்டில் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு குடைகளை மடக்கிச் சேற்றில் வண்டிவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வண்டிக்குள் சூடு பரவியதும் நெவில் கொஞ்சம் கண்ணயர்ந்தான். ஊர் விளக்குகள் வந்தபோது விழித்தான். முகம் தெளிந்திருந்தது.

"ஒரு ரோச்சோட நின்னுபோச்சு பாத்தியா. தீனி பத்தலடா. அடுத்த புதன் கொஞ்சம் கூடப் போட்டுப் பாக்கலாம்."

பேரி சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"டோரீன் ஏதோ இல்லம் அது இதுன்னு பேசறா, பேரி. நீ சொன்னா கேப்பா. நல்லாத்தான் இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் அங்கல்லாம் போயி இருக்கமாட்டேன்டா. சொல்லுவ, இல்ல?"

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மழையைத் தள்ளிக்கொண்டிருந்தது துடைப்பான். பேரி "ம்" என்றான். 

வீட்டு வாசலில் டோரீன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நெவில் உள்ளே போய் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடியே ரோச் மீனைப் பற்றிச் சொன்னான். தக்கை எப்படி எழும்பியது, எப்படிச் சுண்டினான், எல்லாம் சொன்னான். ஒன்றும் தப்பில்லை. டோரீன் கேட்டுச் சிரித்தாள். அவன் தலைக்கு மேலாகப் பேரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காலையில் இல்லாத ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

பேரி தொப்பியைக் கழற்றினான்.

"அந்த ரூம் வேணும்னு சொல்லிடுங்க, டோரீன்."

கயிற்றில் இருந்த விரல்கள் நின்றன. நெவில் நிமிர்ந்தான். கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் திடீரென்று அடித்ததுபோல, எதற்கு என்று புரியாமல் பார்த்தான்.

"நான் உனக்கு என்னடா பண்ணேன், பேரி?"

நீதான் சொல்லச் சொன்னாய் என்று பேரி வாயெடுத்தான். எந்த நெவிலிடம் அதைச் சொல்வது என்று தெரியவில்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் விரிப்பில் சொட்டியது. டோரீன் மண்டியிட்டு, புருஷனின் மற்றொரு பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.