பொம்மையைக் கழற்றினால்

"மரியாதை சொல்லிக் குடுங்கன்னு அனுப்புனா, குடும்ப மானத்தைக் கப்பல்ல ஏத்திட்டீகளே டீச்சர்!"

"பொம்மை செய்யத்தானே சார் சொல்லிக் குடுத்தேன்?"

"அந்தப் பொம்மைதான் வினையே!"

ராஜபாளையத்து நர்சரிப் பள்ளி வாசலில் ஏட்டு வேல்பாண்டி போட்ட சத்தத்தில், பிள்ளைகளைக் கூப்பிட வந்த ஒருவரும் நகரவில்லை. இலவசமாகக் கிடைக்கும் வேடிக்கையை யார் விடுவார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மகாலட்சுமி டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் செய்தது இவ்வளவுதான். ஊர் மில்லில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியில் கைக்குள் மாட்டும் பொம்மை. பட்டனில் கண், கம்பளி நூலில் முடி. "பொம்மை மரியாதையா மட்டுந்தான் பேசும்" என்று ஒரு சட்டமும் போட்டாள். பிள்ளைகள் சட்டத்தை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டார்கள். மரியாதை பொம்மைக்கு. கழற்றினால் பழைய வாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏட்டின் தங்கை மாரிக்கனியைப் பெண் பார்க்க வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை விக்னேஸ்வரன் பட்டாளத்துக்காரன். ஏட்டின் ஐந்து வயது மகள் குருவம்மாள் பொம்மையை மாட்டிக்கொண்டு, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றதும் மாப்பிள்ளையின் அம்மா சுடலையம்மாள் உருகிப்போனாள்.

"ஏட்டி, எம்புட்டு அழகாப் பேசுத!"

பஜ்ஜி வந்தது. எண்ணெய் படக்கூடாதே என்று குருவம்மாள் பொம்மையைக் கழற்றி வைத்தாள். வாய் நிறையப் பஜ்ஜியோடு சொன்னாள்: "நீங்க பஜ்ஜியத் தின்னுட்டு, போன் பண்ணுதோம்னு போயிருவீகளாம். எங்கப்பா சொன்னாக."

பஜ்ஜி தட்டிலேயே கிடந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். போனும் வரவில்லை.

பள்ளியை நடத்தும் பெத்தம்மாள் வாசலுக்கு வந்து சத்தத்தை முடித்து வைத்தாள்: "அந்தச் சம்பந்தம் திரும்பலேன்னா, திங்கக்கிழமை நீ வரவேண்டாம்மா."

மகாலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "சொன்னது நீங்கதானே சார்? ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன?"

"நானா? இருவது வருச சர்வீஸ்ல ஒருத்தன்கிட்டயும் கேட்டதில்ல."

"வீட்லயுந்தான்" என்றாள் பின்னால் நின்ற அவர் மனைவி வெங்கடேஸ்வரி.

அன்று சாயங்காலம் மகாலட்சுமி ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு, துணியும் பசையுமாக ஏட்டு வீட்டில் போய் உட்கார்ந்தாள். அவர் கை அளவுக்கு ஒரு பொம்மை செய்தாள். மீசையைக் குருவம்மாள் ஒட்டினாள். வத்திராயிருப்புக்கு வீடியோ கால் போட்டார்கள். ஏட்டு தன் முகத்தை மறைத்துக்கொண்டு பொம்மையை மட்டும் நீட்டினார்.

"தப்பாப் பேசிட்டேன் அத்தை. மன்னிச்சிருங்க." பொம்மை குனிந்தது.

சுடலையம்மாள் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "கழத்திட்டுச் சொல்லுங்க ஏட்டையா. உங்க வீட்ல பொம்மை பேசுறத நாங்க நம்புறதில்ல."

ஏட்டு பொம்மையை உருவினார். கதவிடுக்கில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார்.

"வாய்க்கொழுப்பு அத்தை. என் தப்புதான். மன்னிச்சிருங்க."

"ஞாயித்துக்கிழமை வாரோம். பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வைங்க."

தை மாதம் மாரிக்கனி வத்திராயிருப்புக்கு வாழப்போனாள். சித்திரையில் மகாலட்சுமியும் கோவில்பட்டிக்கு மருமகளாகப் போய்விட்டாள். அங்கேயும் பள்ளியில் பொம்மைதானாம். சட்டத்தை மட்டும் திருத்திவிட்டாள். பொம்மை ஒருமுறை சொன்னால், அதைக் கழற்றிவிட்டுப் பிள்ளை இரண்டுமுறை சொல்லவேண்டுமாம்.