தும்மலுக்கு விழுந்த தொமோயே

1

“நான் வீசலேன்னா நீ எப்படி விழுந்தே? காத்தடிச்சா?”

“அதைத்தானே நானும் கேக்கறேன். எப்படி விழுந்தேன்?”

“விழுந்தவளுக்குத் தெரியாதா?”

“வீசினவருக்குத் தெரிய வேணாமா?”

இந்தச் சண்டையிலிருந்துதான் இந்தக் கதை கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் சலவைக்கடைக்கும் ஹோஷினா மாஸ்டரின் ஐகிடோ தற்காப்புக்கலைக் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒற்றைப் பலகைச் சுவர். சுவரில் காதை வைத்தேன் என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு அங்கேதான் எனக்கு வேலை இருந்தது.

மாஸ்டர் வீசுவார், அவர் மனைவி தொமோயே விழுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி. அவர் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், இவள் காற்றில் ஒரு வட்டம் போட்டு, பாயில் உருண்டு, எழுந்து நிற்பாள். ஒரு முடி கலையாது.

2

அந்தச் சண்டைக்கு முந்தின நாளைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

‘பனி இறங்குவதுபோல் இறங்கினாள் தொமோயே.’ (அடித்துவிட்டேன். பனிக்கு முட்டி வலிக்காது.)

‘தாக்க வருபவனின் வேகத்தையே அவனுக்கு எதிராகத் திருப்புவதுதான் ஐகிடோவின்’ (போதும். கூடத்து வாசல் பலகையே இதைச் சொல்கிறது. படித்துச் சேர்ந்தவர் யாருமில்லை.)

மூன்றாவது: கோயில் திருவிழாவில் மாஸ்டர் தும்மினார்.

இதுதான் சரி. மேடையில் தொமோயே ஓடிவந்து அவர் கையைப் பிடிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்குத் தும்மல் வந்து, கை மூக்குக்குப் போய்விட்டது. தொமோயே பறந்தாள். இவ்வளவு அழகாக அவள் விழுந்ததே இல்லை. கூட்டம் கைதட்டியது. பாயில் படுத்திருந்த தொமோயே மட்டும் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

3

சண்டைக்கு மறுநாள் சீருடை மூட்டையோடு என் கடைக்கு வந்தாள்.

“அக்கா, அவர் என்னை ஒரு தடவையாவது நெசமா வீசியிருக்காரா?”

“என் வீட்டுக்காரர் குப்பையைக்கூட வீசினதில்லை. நான் குடித்தனம் பண்ணலையா?”

“விளையாடாதீங்க. எல்லாமே நானா விழுந்ததுன்னா, நான் இத்தனை நாள் யாரோட இருந்தேன்? அது தெரியாம இனிமே அவரோட இருக்க முடியாது.”

* மாஸ்டரை மோசடிக்காரராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அந்த மனிதர் ஒரு பொய்யும் சொன்னதில்லை. கை அசைத்தார், ஆள் விழுந்தது. நீங்களாக இருந்தால் நம்பமாட்டீர்களா?

4

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இகாராஷியின் கூடம். அதுவும் ஐகிடோதான், ஆனால் முரட்டு வகை. ‘இங்கே யாரும் சும்மா விழமாட்டார்கள்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். மாஸ்டரின் வகைக்கு அவர் வைத்த பெயர் ‘நடன வகுப்பு’. உண்மையான வீச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள தொமோயே அங்கே போனாள். எனக்கும் அந்தப் பக்கம் டெலிவரி இருந்தது. (இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

இகாராஷி, “வாங்க வாங்க” என்று கையை நீட்டினார். தொமோயே விழுந்தாள்.

“அம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்ததால் சத்தமில்லாமல் சிரித்தேன். தொமோயே சிரிக்கவில்லை. அவள் உடம்புக்கு நிற்கவே தெரியவில்லை. அன்று அந்தி சாயும்வரை நின்று பழகினாள்; யார் தொட்டாலும் குதிகால் தரையை விடாமல் நின்றாள். பிறகு இகாராஷியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவரை நெஞ்சோடு இழுத்தாள். இகாராஷி திருப்பினார், முறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

“அப்படிப் பிடிக்கக்கூடாதும்மா. மணிக்கட்டை, நேரா பிடிக்கணும்.”

“திருடன் எப்படிப் பிடிப்பான்?”

“திருடன் இங்க வந்து சேரலையே!”

மாஸ்டரிடம் விழுவதற்கு ஒப்பந்தம், இங்கே பிடிப்பதற்கு ஒப்பந்தம். தொமோயே குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

5

இந்தப் பகுதி அவள் எனக்குச் சொன்னது. பாலத்தில் வரும்போது ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி, கைப்பிடிச் சுவரை மறைத்து, அவள் இடுப்புவரை வந்துவிட்டது. கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நடக்கிறோமா, நிற்கிறோமா, பாலம்தான் நகர்கிறதா? விழும்போதும் இப்படித்தான் என்றாள். தரை விட்டுப்போன பிறகு, பாய் வந்து சேர்வதற்கு முன்பு, ஓர் இடம் இருக்கிறதாம். தூக்கத்தில் படி தவறுவோமே, அதுபோல. அங்கே எடை இல்லை, பெயர் இல்லை, வீசியவர் இல்லை. கூடத்து விளக்குகள் மட்டும் மீன்களைப்போல மெதுவாகச் சுற்றும்.

“அந்த எடத்துக்குப் போகத்தான் விழுந்தேன்போல இருக்குக்கா. ஆனா அவர் கை இல்லாம அங்க போகத் தெரியலை.”

* இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் சாய்ந்தீர்கள். நான் தள்ளவில்லை.

6

நேராகக் கூடத்துக்குப் போனாள். நான் சுவருக்கு வந்துவிட்டேன்.

“பிடிக்கிறேன். வீசுங்க. நான் விழமாட்டேன்.”

இனி முடிவு. மாஸ்டர் உண்மையாகவே வீசி, அவள் கை ஒடிந்து, ஒடிந்த கையோடு சிரிக்கிறாள் என்று எழுதினேன். அழகாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. மாஸ்டரால் முடியாமல், பாவம் பார்த்து அவளே விழுகிறாள் என்றும் எழுதினேன். தொமோயே அதைப் படித்தால் என் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவாள். எனவே சுவர் வழியாகக் கேட்டதைச் சொல்கிறேன்.

வெகுநேரம் பாயில் கால்கள் தேயும் சத்தம். பிறகு மாஸ்டர், “வரலை” என்றார்.

“தெரியுது.”

“இவ்வளவு நாளும் வரலையா?”

“தெரியலை.”

ஒருவர் அழுதார், யாரென்று பிடிபடவில்லை.

“சரி,” என்றாள் தொமோயே. “இப்ப நீங்க என்னைப் பிடிங்க.”

“எனக்கு விழத் தெரியாதே.”

“பிடிங்க.”

அப்புறம் தடால் என்று ஒரு சத்தம். பழக்கமில்லாத உடம்பு, மூட்டை விழுவதுபோல விழுந்தது. “ஐயோ, இடுப்பு!” என்றார் மாஸ்டர். அவர் இடுப்பைத் தேய்த்துவிட்டாளோ என்னவோ, தொமோயேயின் குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது:

“சொல்லுங்க. நான் வீசினேனா, நீங்களா விழுந்தீங்களா?”

மாஸ்டர் பதில் சொன்னார். அதே நொடியில் என் உலர்த்தும் இயந்திரம் கத்தித் தொலைத்தது. என்ன சொன்னார் என்று மூன்று வாக்கியங்கள் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். கீழே கொஞ்சம் இடம் விடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“                                        ”

நான் கேட்டது அதற்கடுத்து அவள் சிரித்த சிரிப்பை மட்டும்தான்.

7

இளவேனிலில் இகாராஷி, என் வீட்டுக்காரரின் தங்கை மகளைக் கட்டிக்கொண்டார். அவள் அவர் நினைக்கிறபடி எதையும் பிடிப்பதில்லை. மாஸ்டரின் பழைய கூடத்தில் இப்போது ஹூலா நடனம் சொல்லித் தருகிறார்கள். ஹோஷினாவும் தொமோயேயும் ஒரே லாரியில், ஒரே இருக்கையில், வடக்கே ஒட்டாரு என்கிற ஊர்ப்பக்கம் குடிபோய்விட்டார்கள். அங்கே தெருவெல்லாம் ஐஸ் என்கிறார்கள்.