கருவண்டு குடியிருந்த பலகை

பலகையில் ஏழு இடங்களில் வேலை இருந்தது. மூன்று வெடிப்பு, மூன்று கணு, ஒரு பெரிய பொந்து. படவேடு சாலையோரம் காற்றில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் அது. தருமன் தன் மரவாடியில் அதை அறுத்துப் போட்டிருந்தபோது நானும் கமலாவதியும் போய்ப் பார்த்தோம். எங்கள் மகள் அனுஷா ஓசூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை நான் செய்து தருவதாகப் பேச்சு. அடுக்கியிருந்த எட்டுப் பலகைகளில் இதைக் காட்டியவள் கமலாவதிதான்.

"இம்மாம் பெரிய பொந்து கீதும்மா. நல்ல பலகையா பார்த்து எடுங்க" என்றான் தருமன்.

"நல்ல பலகையில இவருக்கு இன்னா வேலை இருக்கு? நாள் முழுக்க என் மூஞ்சியையே பார்த்துகினு உக்காந்திருப்பாரு" என்றாள் என் மனைவி.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். முப்பத்தோரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு எல்லையையும் நேரில் விசாரிக்காமல் ஒரு வரி எழுதமாட்டேன். கம்ப்யூட்டர் வந்து என் கையெழுத்துக்கு வேலை குறைந்த பிறகு, போனில் பார்த்து இந்த வேலையைப் பழகினேன். சின்ன வெடிப்பென்றால் அதே மரத்தின் தூளைப் பசையோடு குழைத்து மக்கு வைத்தால் போதும். ஆடுகிற கணுவைச் சுற்றி ரெசின் என்கிற தெளிந்த பிசினை விட்டு இறுக்க வேண்டும். பொந்துதான் பொறுமையைக் கேட்கும். அடியில் டேப் ஒட்டி அடைத்துவிட்டு, ரெசினையும் அதை இறுக்கும் மருந்தையும் கலந்து, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை உயரம்தான் ஊற்றலாம். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் உள்ளே சூடேறிப் பிளந்துவிடும். கலந்த பிறகு அரைமணி நேரம்தான் கைக்கு அடங்கும். அதற்குள் எழும்புகிற குமிழிகளைச் சூடான காற்றடித்து உடைக்க வேண்டும். ஊற்றுவது நான், ஹீட் கன்னைப் பிடிப்பது கமலாவதி. ஊற்றுகிற கை ஒன்று, காற்றடிக்கிற கை ஒன்று என்று இரண்டு பேர் இருந்தால்தான் சுத்தமாக வரும்.

எல்லோரும் நீலச் சாயம் கலந்து கடல் மாதிரி ஊற்றுகிறார்கள், நாமும் ஊற்றலாமா என்று ஒருமுறை கமலாவதியிடம் கேட்டேன்.

"ஆரணியில ஏதுங்க கடலு? சாயம் வேணாம். உள்ளே இருக்கிறது தெரியட்டும்."

பலகை வீட்டுக்கு வந்து, பின்பக்கத் தகரக் கொட்டகையில் இரண்டு முக்காலிகள் மேல் ஏறியது. காயட்டும் என்று விட்டிருந்தோம். தை மாதத்தில் கமலாவதிக்குக் காய்ச்சல் வந்தது. வேலூருக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் இறந்துபோனாள். அதைப் பற்றி இதற்குமேல் எனக்கு எழுதவரவில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் அனுஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆவணியில பால் காய்ச்சறோம்பா. மேசையை முடிச்சி எடுத்துகினு நீங்களும் அதோட வந்துடணும். உங்களுக்குனு தனி ரூம் கட்டியிருக்கோம். ஒண்டியா இங்க கிடக்க வேணாம்."

சரி என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

பங்குனிக்குள் மூன்று வெடிப்புக்கும் மக்கு வைத்து, மூன்று கணுவையும் இறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்துவிட்டேன். பொந்து மட்டும் பாக்கி. அதற்கு டேப் ஒட்டலாம் என்று ஒரு காலை போனபோது, பலகைக்கு நேர்கீழே தரையில் மாவு சலித்ததுபோல் மரத்தூள் கொட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். பொந்தின் உட்சுவரில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. துளைக்குள்ளிருந்து கறுத்த பின்பாகம் ஒன்று தூளைத் தள்ளிக்கொண்டிருந்தது. கருவண்டு.

நாங்கள் சமணர்கள்; ஊரில் நைனார் என்பார்கள். இருட்டில் உண்டால் சோற்றில் விழுந்த பூச்சி தெரியாது என்று பொழுதுசாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள். உயிர் இருக்கிற துளைமேல் ரெசினை ஊற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அனுஷாவுக்கு நான் விளக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"ஐயோ, ஊத்திடாதீங்கப்பா. அதுவா போவட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் போன் வரும். முதல் கேள்வியே வண்டுதான். இன்று எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது, காலில் மஞ்சளாகப் பூந்தூள் ஒட்டியிருந்ததா. நான் சொல்லச் சொல்ல அவள் கேட்பாள். மாப்பிள்ளை ஸ்ரேயாஸ் எதையோ படித்துவிட்டு, பக்கத்தில் சத்தமாகப் பாட்டு வைத்தால் அது நோகாமல் இடம் மாறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

"பக்கத்து வீட்ல நாலு தறி ஓடுது. அதுக்கே அசையாத வண்டு பாட்டுக்கா போவும்?" என்றேன்.

"உங்களை மாதிரியே இருக்குதுப்பா அது" என்று சிரித்தாள். அம்மா போனபிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

பிறகு வண்டு துளையின் வாயை மூடிவிட்டது. உள்ளே முட்டை இருக்கும் என்று புரிந்துகொண்டேன். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை கொதித்தபோது பலகைமேல் ஈரச் சாக்கு போட்டேன். வைகாசிக் கடைசியில் ஒரு காலை, துளை திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சு வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, விளிம்பில் நின்று இறக்கையை உலர்த்திக்கொண்டு பறந்துபோயின. அதற்குப் பிறகு எதுவும் திரும்பவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். மெல்லிய ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தேன். காலி.

அன்று சாயந்திரம் அனுஷா கேட்டாள்: "வண்டு போச்சாப்பா?"

"இல்லம்மா. இருக்குது" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. பொந்தை அடைத்தால் மேசை முடிந்துவிடும். மேசை முடிந்தால் நான் இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும். கமலாவதி புழங்கிய அடுப்படி, அவள் துணி உலர்த்திய கொடி, அவளுக்குப் பிறகு நான் திறக்காத அலமாரி எல்லாம் பூட்டுக்குள் போய்விடும். எனக்கு ஓசூருக்குப் போக விருப்பமில்லை. அதைச் சொன்னால் அனுஷா அழுவாள். வண்டு என்றால் அழமாட்டாள். ஒரு பொய் சொன்ன பிறகு அதற்குக் கால் முளைத்தது. இன்று இரண்டு வந்தது என்றேன். மறுபடி தூள் கொட்டியிருக்கிறது என்றேன். ஆனி முழுவதும் இப்படியே போனது.

ஆடி பிறந்த வாரம் தருமன் வந்தான். அவனிடமும் வண்டு கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன். ஓசூருக்கு அவன் வண்டி போகிறதாம், மேசையை எப்போது ஏற்றலாம் என்று கேட்க வந்தவன் நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தான்.

"இன்னா நைனாரே, குடித்தனக்காரங்க காலி பண்ணலியா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, துளைக்கு நேராக வாயை வைத்து ஊதினான். ஒட்டடை பறந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"செலந்தி வலை கட்டி அதுவும் நைஞ்சு போயிகீது. வண்டு போயி மாசக்கணக்கு ஆவுது நைனாரே."

நான் பலகை மேலிருந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஊர்ல நைனாருங்க பொய் சொல்லமாட்டாங்கனு ஒரு பேரு. நீங்க வண்டு பேர்லயே கணக்கா சொல்லிகினு கீறீங்க." வாசல்வரை போய்த் திரும்பினான். "நான் பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆவணி ஆறு தேதி வண்டி போவுது. ஜல்தியா முடிவு பண்ணுங்க."

அவன் போனபிறகு வெகுநேரம் முக்காலி பக்கத்தில் நின்றேன். எத்தனையோ பேருடைய எல்லைத் தகராறுக்கு உண்மை எழுதிக் கொடுத்தவன், ஒரு வண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். கொல்லாமை என்று சொல்லி ஒளிந்ததுதான் அதிகம் உறுத்தியது. இரண்டு நாள் கழித்து பொந்தைச் சுத்தம் செய்து, அடியில் டேப் ஒட்டினேன். பிற்பகலில் ரெசினைக் கலந்து ஊற்ற ஆரம்பித்தேன். ஒரு கையால் ஊற்றி, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஹீட் கன்னை எடுத்து அடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் புதுக் குமிழிகள் எழும்பின. பாதியில் போன் அடித்தது. உறை போட்ட விரலின் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். அனுஷா.

"இன்னாப்பா சத்தம் அது?"

"ரெசின் ஊத்திகினு இருக்கேன்மா."

"எங்க?"

"பொந்துலதான்."

போனில் ஒரே அலறல்.

"அப்பா! நிறுத்துங்க! நேத்துதானே ரெண்டு இருக்குதுன்னீங்க! உயிரோட இருக்கும்போதா ஊத்தறீங்க? ஆவணிக்கு மேசை வேணும்னு நான் சொன்னதுக்காகவா? எனக்காகப் போயி இப்படி..."

அழுதாள். நான் எதிர்பார்க்காதது இது. எனக்காகப் பொய் சொன்னேன். அது அவளைக் கொலைக்குக் காரணமாக்கிவிட்டது.

"இல்லம்மா. கேளு. வண்டு இல்ல. வைகாசியிலேயே போயிடுச்சு. குஞ்சுங்களும் போயிடுச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

"அப்போ தினம் சொன்னது?"

"பொய்."

பலகையில் குமிழிகள் எழும்பி எழும்பி நின்றன. நான் அவற்றைத் தொடவில்லை.

"எதுக்குப்பா?"

"அங்க வரதுக்கு எனக்கு மனசு இல்ல, அனுஷா. இந்த வீட்லயே இருந்துடறேன்."

"அதை என்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே. வண்டு மேல எதுக்குப் போட்டீங்க? நான் ரெண்டு மாசமா கோயில்ல நின்னு, அந்த வண்டு நல்லபடியா போவணும்னு வேண்டிகினு இருக்கேன்பா."

மூக்கை உறிஞ்சிவிட்டு அவளே சொன்னாள்: "சரி. மேசையை மட்டும் அனுப்புங்க."

நான் குனிந்து பார்த்தபோது அந்த அடுக்கு இறுகத் தொடங்கியிருந்தது. இனி காற்றடித்துப் பயனில்லை. மேலே நான்கு அடுக்குகள் சுத்தமாக ஊற்றினேன். ஆனால் சாயம் இல்லாததால் அடியில் நின்ற குமிழிகள் கடைசிவரை தெரிந்தன. தேய்த்து எடுக்க முடியாத ஆழம் அது. பார்க்கிறவர்கள் அழகுக்காக விட்டது என்று நினைக்கிறார்கள்.

ஆவணியில் பால் காய்ச்சியபோது போயிருந்தேன். மேசையைச் சுற்றி ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். பொழுதோடு இலை போட்டு, அனுஷாவே எனக்குப் பரிமாறினாள். எனக்குக் கட்டிய அறையில் அரிசி மூட்டையும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளும் இருந்தன. மறுநாள் பஸ் ஏறினேன். வா, இரு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டது அதுதானே.

ஒரு வருடம் ஆகிறது. தருமன் இரண்டு முறை பலகை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினான். போகவில்லை. அனுஷா இப்போதும் சாயந்திரம் கூப்பிடுகிறாள், தினமும் இல்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்மா. நீ?"

"இனிமேதான்."

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே குக்கர் சத்தம் கேட்கும். இங்கே பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அவளுக்குக் கேட்கும். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று நான் கொட்டகைப் பக்கம் பார்ப்பேன். இரண்டு முக்காலிகள் நிற்கும்.

"வெச்சிடட்டுமாப்பா?" என்கிறாள்.

வை என்கிறேன்.