வாலில் ஒரு ரிவெட்டு

விமானப்படையில் தகடு அடித்துக் கை காய்த்துப்போய், எழுபத்தேழாம் வருஷம் போடிக்குத் திரும்பினேன். ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்கட்டில் ஒற்றை ஆள் விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தேன். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊரைக் கேட்டா காற்று வீசுகிறது?

வால் குறுகும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணியின் தலையில் வெளியே அடிக்கும்போது, உள்ளே அதன் காலில் ஒருவர் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கால் நசுங்கித் தகடுகளைக் கவ்வும். என் உலக்கைக் கை உள்ளே போகவில்லை. என் மனைவி சந்திரவல்லியின் கை போனது. மலையில் ஏலச்செடியின் தூரில், பார்க்காமலே பழுத்த காயைத் தடவி எடுத்த கை அது.

ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவள் உள்ளே தடவிப் பார்த்துத் தகட்டைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் கோணல், துளைத்து எடு. கன்னத்தைத் தகட்டில் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே குரங்கணி மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கும். அந்த ஏல வாசனையில், நாங்கள் இருவரும் ஏற்கெனவே பாதி உயரம் ஏறிவிட்டதுபோல் இருக்கும்.

கடைசி ரிவெட்டையும் அடித்தேன். சத்தத்திலேயே தெரிந்தது, கச்சிதம். உள்ளிருந்து மூன்று தட்டு.

சுள்ளென்று கோபம் வந்தது. “நல்லாத்தானே புள்ள இறங்கிருக்கு!”

அவளுடைய மூடிய கண்ணோரம் நனைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது முடிந்தால் நான் பறந்துவிடுவேன். இருக்கையோ ஒன்றுதான்.

“பயமா இருக்கா?”

ஒரு தட்டு.

நல்ல ரிவெட்டைத் துளைத்து எடுத்தேன். “நீயாச் சொல்ற அன்னைக்கு அடிப்போம். எனக்கு வேற சோலி கெடக்கு” என்றேன். ஒரு சோலியும் இல்லை. தினமும் விமானத்தைத் துடைத்துக்கொண்டு கிடந்தேன்.

சித்திரையில் ஒரு காலை, அவளே தோள்வரை கையை உள்ளே விட்டு நின்றாள்.

“வெரசா வாங்க மாமா. ரிவெட்டைக் கொண்டாங்க.”

“நெசமாவா?”

“தொடச்சுத் தொடச்சுத் தகடு தேஞ்சுபோச்சு. உங்களையப் பாக்கச் சகிக்கல.”

துளை அகன்றிருந்ததால் சற்றுத் தடித்த ரிவெட்டைச் செருகி அடித்தேன். வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டு.

கையை வெளியே எடுக்காமலே கேட்டாள். “திரும்பி வந்துருவீங்கல்ல?”

அவள் விரல்கள் இருந்த இடத்தில், வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினேன்.