கட்டியக்காரனின் பத்து நிமிஷம்

பிள்ளைப்பாக்கத்தில் எழிலரசனைத் தெரியாதவர்கள் கிடையாது. திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் எட்டு வருஷமாகக் கட்டியக்காரன் வேஷம் அவனுக்குத்தான். துரியோதனன் வேஷத்துக்கு நாலு பேர் முட்டி மோதுவார்கள். கட்டியக்காரனுக்கு எழிலை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கூத்தில் கட்டியக்காரன் எப்படி வந்தான் என்பதற்கு எழில் ஒரு கதை வைத்திருந்தான். ராஜாவுக்குக் கிரீடம் கட்ட நேரம் பிடிக்கும். அதுவரை முகவீணைக்காரர் எவ்வளவு நேரம்தான் ஊதுவார்? ஜனம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். அதனால் ஒருத்தன் நடுவில் வந்து நின்றான். நின்றவன் சும்மா இருப்பானா? ராஜா வந்ததும் ராஜாவையே கிண்டல் பண்ணினான். ஜனமும் ராஜா பேசியதை மறந்துவிட்டு இவன் பேசியதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது. இப்படியாக, இடைவெளியை அடைக்க வந்தவன் நிரந்தரமாகிவிட்டான்.

இந்தக் கதையை அவன் அதிகமாகச் சொன்னது இசக்கிபாண்டியிடம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷின். எழில் பர்மனென்ட். இசக்கி காண்ட்ராக்ட், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன், எழிலுக்கு ஏழு வயது இளையவன்.

“எங்கூரு நாடகத்துல பபூன் வருவாம்ணே,” என்பான் இசக்கி, கேன்டீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. “ராஜபார்ட்டு பவுடர் போட்டு முடிக்கதுக்குள்ள, முன்னாடி உக்காந்திருக்க பெரிய ஆளுவள அத்தன பேரையும் கிழிச்சிருவான். நடுவுல வாறவனுக்கு ஒருத்தன்கிட்டயும் பயம் கெடையாதுல்லா?”

“கரெக்ட்றா. பயந்துகினு நின்னான்னா அவன் இன்னா கட்டியக்காரன்?”

சொன்னது எழில்தான். இதை மறந்துவிடாதீர்கள், அவனாலும் மறக்க முடியவில்லை.

2012ஆம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். இசக்கியின் வலது கையில் இரண்டு விரல்களைப் பிரஸ் எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் பிரஸ் தானாக நிற்க வேண்டும். அதற்கென்றே சென்சார் இருக்கிறது. ஆனால் டார்கெட்டில் பின்தங்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் தணிகாசலம் ஒரு சாவியைத் திருப்பி அந்தச் சென்சாரை அணைத்துவிடுவார். அன்றைக்கும் திருப்பினார். நாலடி தள்ளி நின்ற எழில் அதைக் கண்ணால் பார்த்தான்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. சென்சார் அணைந்திருந்தது என்று ஆனால் கம்பெனி இசக்கிக்கு வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவனே கவனமில்லாமல் கையை விட்டான் என்று ஆனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எழிலை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று அவனும் இருந்துவிட்டான்.

மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. கடைசி நாள், சனிக்கிழமை மதியம், கேன்டீன் ஹாலில் தொழிலாளர் நாடகம். ஹெல்மெட் போடாதவனை எமன் வந்து பிடித்துப் போவான். எமலோகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி எல்லாக் கம்பெனிக்கும் அவர்தான் வருகிறார். ஹெச்.ஆர். மேனேஜர் பரசுராமன் எழிலை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“ஃபர்ஸ்ட் சீன் முடிஞ்சு கெட்டப் மாத்தப் பத்து நிமிஷம் ஆகும் எழில். ஸ்டேஜ் காலியா இருக்கக் கூடாது. நடுவுல வந்து ஏதாவது ஜாலியா பண்ணிடு.”

எழிலுக்குப் புல்லரித்தது. மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். முதலில் கேன்டீன் சாம்பார். அடுத்து, வராத கம்பெனி பஸ். மூன்றாவதாகச் சென்சாருக்கு லீவு கொடுத்து அனுப்பும் சூப்பர்வைசர். அதைச் சொன்னால் ஹாலே அதிரும் என்று அவனுக்குத் தெரியும். விசாரணையில் கேட்காததைக் கூத்தில் சொல்லிவிடலாம். கட்டியக்காரனை யார் என்ன செய்ய முடியும்?

சாம்பாருக்குப் பின்வரிசை சிரித்தது. முதல் வரிசையில் பிளான்ட் ஹெட் காபிக் கோப்பையோடு அசையாமல் இருந்தார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தூணோரம் நின்ற தணிகாசலம் எழிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாசகம் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. ஆனால் அதை அப்படியே விழுங்கிவிட்டான். ஹால் அமைதியாக இருந்தது. மேடையில் அமைதி என்பது கூத்துக்காரனுக்கு நெருப்பு.

அந்தப் பயத்தில் அவன் வாயிலிருந்து வேறொன்று வந்து விழுந்தது.

“ஏலே மக்கா, பிரஸ்ஸு என்னல பண்ணிரும்? எங்க ஆத்தா ஆடு வாங்கிருக்கால்லா, அத நெனச்சிக்கிட்டே…” என்று தெற்கத்தி இழுவையில் இழுத்தான். கண்ணை மேலே சொருகிக்கொண்டு கையை நீட்டினான். டமால் என்று தானே சத்தம் கொடுத்தான். விரலைத் தேடித் தரையில் தவழ்ந்தான். சட்டைப் பைக்குள் பார்த்தான். ஹால் வெடித்தது. பிளான்ட் ஹெட் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். தணிகாசலம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நிமிர்ந்தபோதுதான் எழில் பார்த்தான். கடைசி வரிசையில் இசக்கி. விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு வா என்றிருக்கிறார்கள். வலது கையில் கட்டு. இடது கையால் தொடையில் தட்டித் தட்டி அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

“தத்ரூபம்யா!” என்று பரசுராமன் எழிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அப்படியேதான் நடந்திருக்கும்!”

எழிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து குழாயடியில் முகத்தை எத்தனை முறை கழுவினாலும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. “இன்னா, மூஞ்சி இப்பிடி கீது?” என்று மனைவி அம்சவல்லி கேட்டாள். பதில் சொல்ல வெட்கப்பட்டு மறுபடியும் குழாயைத் திறந்தான்.

மறுநாள் ஞாயிறு மதியம், ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் இசக்கி தங்கியிருந்த மாடி அறைக்குப் போனான். ஆறு பேர் இருக்கும் அறை. எல்லாரும் தென்மாவட்டத்துப் பையன்கள். மூலையில் இசக்கியின் துணிகள் ஒரு பைக்குள் ஏறியிருந்தன.

“வாங்கண்ணே வாங்கண்ணே! ஏய் ஐயனாரு, அண்ணனுக்குப் பாயப் போடுல.”

எழில் உட்காரவில்லை. “இசக்கி, நேத்து நான் பண்ணது ரொம்பத் தப்புடா. மனசார பண்ணலே. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன், அந்தாளு சாவி திருப்புனத நான் பாத்தேன்னு.”

இசக்கி சிரித்தான். “அது முடிஞ்சுபோச்சுண்ணே. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன், என் கவனக்கொறவுதான்னு. அதுவரைக்கும் போட மாட்டேன்னுதான் நின்னேன். ஆனா அத்தன பேரும் சிரிச்சாவள்லா. நம்ம லைன் ஆளுவளும் சிரிச்சாவ. சரி, எல்லாருக்கும் அப்படித்தான் தோணிருக்கு, நமக்குத்தான் நெனவு சரியில்ல போலன்னு நெனச்சேன்.”

எழில் பாயில் சரிந்து உட்கார்ந்தான்.

“ஆனா சும்மா சொல்லக் கூடாதுண்ணே, பெரிய நடிப்பு,” என்றான் இசக்கி. அவன் முகத்தில் துளி விஷம் இல்லை. அதுதான் எழிலால் தாங்க முடியாததாக இருந்தது. “இவனுவ யாரும் பாக்கல. ஒரேயொரு தடவ செஞ்சு காட்டுங்க.”

ஐவரும் சுவரோரம் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். எழில் எழுந்தான். தெற்கத்தி இழுவை வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிற மாதிரி ஆட்டி ஆட்டி நடந்தான், தணிகாசலத்தின் நடை. “இன்னாபா, டார்கெட்டு இன்னா ஆச்சு?” என்று தணிகாசலத்தின் குரலில் கத்தினான். காற்றில் ஒரு சாவியைச் செருகித் திருப்பினான். பிறகு நாலடி தள்ளிப் போய், அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் ஒரு ஆளாக நின்றான். அந்த ஆள் யாரென்று அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. டமால் என்ற சத்தத்தை அவன் கொடுக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. இசக்கி தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு எழிலைப் பார்த்தான். இப்போது அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை.

“இத நேத்து செஞ்சிருக்கலாம்லாண்ணே,” என்றான்.